சிங்கப்பூரா, ஸ்டுட்கார்ட்டா, சிப்காட்டா? பொறியியல் மாணவரின் வெளிநாட்டு அனுபவத்துக்கு எங்கே பணம் போடலாம்

ராணிப்பேட்டை மாவட்டம் பனப்பாக்கத்தில் 2024 செப்டம்பரில் டாடா மோட்டார்ஸின் 9,000 கோடி ரூபாய் கார் ஆலைக்கு அடிக்கல் நாட்டினார்கள். ஜாகுவார் லேண்ட் ரோவர் கார்களும் அங்கே தயாராக வேண்டும் என்பது திட்டம். மூன்று மாதம் கழித்து அதே பனப்பாக்கம் சிப்காட்டில் தைவானின் ஹாங் ஃபூ குழுமத்தின் 1,500 கோடி ரூபாய் காலணி ஆலைக்கும் அடிக்கல் விழுந்தது. ஆம்பூர் ஷூவும் ராணிப்பேட்டைத் தோலும் ஐரோப்பாவுக்குப் போகத் தொடங்கி எவ்வளவோ காலமாகிறது. ஆக, வெளிநாட்டுக்காரரோடு வேலை பார்க்க விமானம் ஏறித்தான் ஆகவேண்டும் என்கிற நிலை பழைய வடஆற்காட்டுப் பிள்ளைகளுக்கு இல்லை. டிபன் பாக்ஸோடு பஸ் ஏறிப் போய்வரும் தூரத்திலேயே அந்த வேலை வந்து நிற்கிறது.

அதற்குத் தயாராவது எப்படி என்பதில்தான் குழப்பம். பொறியியல் கல்லூரியில் பாடம் நடத்துகிறவன் என்பதால், மூன்றாம் ஆண்டு தொடங்கியதும் இந்தக் கேள்வி என் மேசைக்கு வந்துவிடும். ரெண்டு வார வெளிநாட்டுப் பயணம், ஒரு செமஸ்டர் எக்ஸ்சேஞ்ச், கோடை விடுமுறை ஆய்வக இன்டர்ன்ஷிப், இரண்டு வருஷம் இங்கே இரண்டு வருஷம் அங்கே என்கிற 2+2, இல்லாவிட்டால் ஊரிலேயே இருந்து செய்யக்கூடியவை. இவை எல்லாவற்றையும் "இன்டர்நேஷனல் எக்ஸ்போஷர்" என்ற ஒரே பெயரில்தான் விற்கிறார்கள். விலைக்கும் பயனுக்கும் சம்பந்தமே இருப்பதில்லை.

என் அளவுகோலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். எந்த நாடு, எத்தனை நாள், எவ்வளவு பெரிய பல்கலைக்கழகம் என்பதெல்லாம் அப்புறம். முன்பின் தெரியாத ஆட்களோடு சேர்ந்து, அவர்களுடைய முறையில், அவர்கள் ஒப்புக்கொள்ளும் தரத்தில் ஒரு வேலையை மாணவர் முடித்துக் கொடுத்தாரா? அப்படி ஒன்று நடந்திருந்தால் அது அனுபவம். நடக்கவில்லை என்றால் சுற்றுலா. சுற்றுலாவும் நல்லதுதான், ஆனால் அதை ரெஸ்யூமேயில் போட வேண்டாம்.

வெளிநாட்டு வேலை என்றதும் நம் வீடுகளில் ஆங்கிலத்தைத்தான் நினைக்கிறார்கள். நான் பார்த்த வரைக்கும் தடுமாற்றம் வேறு இடங்களில் வருகிறது. முதலாமாண்டு டிராயிங் வகுப்பில் நாம் ஃபர்ஸ்ட் ஆங்கிள் முறையில், அதாவது பொருளின் வலப்பக்கத் தோற்றத்தை இடப்பக்கம் வைத்து, வரையப் பழகுகிறோம். ஐரோப்பாவிலும் அதுதான் வழக்கம். அமெரிக்காவிலும் ஜப்பானிலும் தேர்ட் ஆங்கிள், வலப்பக்கத் தோற்றம் வலப்பக்கமே இருக்கும். டைட்டில் பிளாக்கில் இருக்கும் அந்தச் சின்னக் கூம்பு அடையாளத்தைக் கவனிக்காமல் வேலையை ஆரம்பித்தால், வலப்பக்கம் வரவேண்டிய துளை இடப்பக்கம் வந்து நிற்கும். ஜெர்மன்காரருக்குத் தசமப் புள்ளி என்பது கமாதான். அவர் 1,250 மி.மீ. என்று எழுதினால் அவருக்கு அது ஒன்றேகால் மில்லிமீட்டர், நமக்கு ஒன்றேகால் மீட்டர். 03/04 என்ற தேதி அமெரிக்கருக்கு மார்ச் 4, நமக்கு ஏப்ரல் 3. இவையெல்லாம் ஒரு வாரத்தில் சொல்லிக்கொடுத்துவிடக்கூடியவை. "புரியவில்லை", "இந்தத் தேதிக்குள் முடியாது", "நீங்கள் சொல்வது தவறு என்று நினைக்கிறேன்" என்று மேலே உள்ளவரிடம் சொல்லப் பழக்குவதுதான் கஷ்டம். "ஓகே சார்" என்று தலையாட்டியே பன்னிரண்டு வருஷப் பள்ளிப் படிப்பையும் முடித்த பிள்ளைக்கு இது சுலபத்தில் வராது. ஆட்களோடு உட்கார்ந்து வேலை செய்தால்தான் வரும்.

ரெண்டு வாரப் பயணத்தை முதலில் முடித்துவிடலாம், அதில் அதிகம் பேச ஒன்றும் இல்லை. குடியாத்தத்தில் லுங்கி வியாபாரம் பார்க்கும் ஒருவர் வழவழப்பான பிரசுரம் ஒன்றோடு வந்தார். "சிங்கப்பூர், மலேசியா ரெண்டும் சேர்த்து ஒண்ணரை லட்சம் ஆவுதாம் சார். சர்டிபிகேட் குடுக்குறாங்களாம். அத வச்சி ஃபாரின் கம்பெனியில எடுத்துக்குவாங்களா?" நிகழ்ச்சி நிரலைப் பிரித்துப் பார்த்தேன். இரண்டு நாள் வகுப்பு, ஒரு நாள் தொழிற்சாலை, மீதி எல்லாம் ஊர் சுற்றல். எடுத்துக்கொள்ள மாட்டார்கள் என்றேன்.

செலவில்லாமல் கிடைத்தால் கதை வேறு. தமிழக அரசின் நான் முதல்வன் திட்டத்தில் தேர்வான மாணவர்கள் சிலரை இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகத்துக்குப் பயிற்சிக்கு அனுப்பினார்கள். ஜப்பான் 2014 முதல் நடத்தும் சகுரா அறிவியல் திட்டத்தில், அந்த நாட்டு நிறுவனம் அழைத்தால் குறுகிய காலத்துக்கு ஆய்வகங்களைப் பார்த்துவர முடியும். வாய்ப்பு வந்தால் கண்ணை மூடிக்கொண்டு போகலாம். நகையை அடகு வைத்துப் போகவேண்டிய விஷயம் அல்ல.

குறுகிய காலம் என்பதாலேயே ஒன்று வீண் என்று சொல்லமாட்டேன். அமெரிக்காவின் மாசசூசெட்ஸில் உள்ள வூஸ்டர் பாலிடெக்னிக் தன் மாணவர்களை உலகத்தின் பல ஊர்களுக்கு ஏறக்குறைய ஏழு வாரம் அனுப்புகிறது. அங்கே வகுப்பு கிடையாது. உள்ளூர் அமைப்பு ஒன்று தன் பிரச்சினையைச் சொல்லும், மாணவர்கள் குழுவாக முழுநேரமும் அதிலேயே உழைத்து அறிக்கை கொடுக்க வேண்டும். கூடவே ஒரு பேராசிரியர் இருப்பார். ஏழே வாரம்தான், ஆனால் பதில் சொல்ல வேண்டிய ஆள் எதிரே உட்கார்ந்திருக்கிறார்.

செமஸ்டர் எக்ஸ்சேஞ்ச் என்பது பார்க்க அழகான ஏற்பாடு. இரண்டு கல்லூரிகளும் ஒப்பந்தம் போட்டிருந்தால் பெரும்பாலும் அங்கே டியூஷன் கட்ட வேண்டியதில்லை. இங்கே கட்டும் கட்டணத்தோடு சரி. சாப்பாடு, தங்குமிடம், விமானம், இன்ஷூரன்ஸ் நம் செலவு. ஜெர்மனியை எடுத்துக்கொண்டால், வெளிநாட்டு மாணவர் ஒருவருக்கு மாதம் 992 யூரோ வேண்டும் என்பது விசாவுக்கு அந்த நாடே வைத்திருக்கும் கணக்கு. யூரோவை நூறு ரூபாய் என்று வைத்தால் ஆறு மாதத்துக்கு ஆறு லட்சத்தைத் தொடும். டிக்கெட் தனி.

ஆனால் பணத்தைவிடப் பெரிய சிக்கல் காலண்டர். நம்முடைய ஆறாவது செமஸ்டர் ஜனவரியை ஒட்டி ஆரம்பித்து மே மாதத்தில் முடியும். ஜெர்மனியில் கோடை செமஸ்டர் வகுப்புகள் ஏப்ரலில்தான் தொடங்கும், ஜூலை வரை நடக்கும், அதன் பிறகே தேர்வு. பையன் திரும்பி வரும்போது இங்கே ஏழாவது செமஸ்டரும் கேம்பஸ் இன்டர்வியூவும் தொடங்கியிருக்கும். குளிர்கால செமஸ்டருக்குப் போனால் அக்டோபர் முதல் பிப்ரவரி வரை, அதாவது கேம்பஸ் சீசன் மொத்தமும் போய்விடும். அமெரிக்க ஸ்பிரிங் செமஸ்டர் ஜனவரி முதல் மே வரை என்பதால் அச்சாகப் பொருந்தும், செலவுதான் இடிக்கும். தைவானில் இரண்டாம் செமஸ்டர் பிப்ரவரியில் தொடங்கி ஜூனில் முடிகிறது. எனக்குத் தெரிந்து நம் காலண்டரோடு சண்டை போடாத, வாழ்க்கைச் செலவும் தாங்கக்கூடிய நாடுகளில் அது முன்வரிசை. நம் வீடுகளில் அந்தப் பெயரே அடிபடுவதில்லை என்பதுதான் வேடிக்கை. பனப்பாக்கத்துக்கு ஆலை வருவதோ அங்கிருந்துதான்.

அடுத்தது கிரெடிட், அதாவது ஒவ்வொரு பாடத்துக்கும் உள்ள மதிப்புப் புள்ளி. ஐரோப்பாவில் இ.சி.டி.எஸ். என்ற பொது முறையில் ஒரு செமஸ்டருக்கு 30 கிரெடிட் என்று கணக்கு. நம்மூரில் இருபது சொச்சம். அங்கே படிக்கும் எந்தப் பாடம் இங்கே எந்தப் பாடத்துக்கு ஈடு என்று கிளம்புவதற்கு முன்பே இரண்டு பக்கமும் கையெழுத்துப் போட்ட லேர்னிங் அக்ரிமெண்ட் கையில் இருக்க வேண்டும். "போயிட்டு வா, பாத்துக்கலாம்" என்று துறைத்தலைவர் சொன்னால் நம்பிப் புறப்படாதீர்கள். பார்த்துக்கொள்ள முடியாது. நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களும் தன்னாட்சிக் கல்லூரிகளும் தங்கள் பாடத்திட்டத்தைத் தாங்களே வைத்திருப்பதால் அவர்களுக்கு இது சுலபம். வேலூர் வி.ஐ.டி. போன்ற இடத்தில் செமஸ்டர் அப்ராட் என்றே தனி ஏற்பாடு இருக்கிறது. அண்ணா பல்கலைக்கழகத்தின் கீழ் இயங்கும், தன்னாட்சி இல்லாத கல்லூரி என்றால் ஒவ்வொரு பாடத்துக்கும் பல்கலைக்கழகத்தின் ஒப்புதல் வேண்டியிருக்கும். அங்கே படிக்கிற பிள்ளைகளுக்கு எக்ஸ்சேஞ்சை நான் சிபாரிசு செய்வதில்லை. திரும்பி வந்து ஜூனியர்களோடு உட்கார்ந்து விட்டுப்போன பாடங்களை எழுதுவது நேரத்துக்கும் மானத்துக்கும் நஷ்டம்.

இந்த முட்டல்கள் எதுவும் இல்லாத கல்லூரி என்றால் செமஸ்டர் எக்ஸ்சேஞ்ச் நல்ல வழிதான். அப்போதும் ஒரு நிபந்தனை வைப்பேன். எடுக்கும் பாடங்களில் ஒன்றாவது குழுவாகச் செய்யும் புராஜெக்டாக இருக்க வேண்டும், அந்தக் குழுவில் நம் ஊர்க்காரர் வேறு யாரும் இருக்கக் கூடாது. ஐந்து தமிழ்ப் பையன்கள் ஒரே பிளாட் எடுத்து, சாம்பார் பொடியோடு குடியேறி, வகுப்பில் ஒன்றாக உட்கார்ந்து, ஒன்றாகத் திரும்பி வருவதற்குக் காட்பாடி ஹாஸ்டலே போதும்.

அமெரிக்காவில் ரோட் ஐலண்ட் பல்கலைக்கழகம் 1987இல் தொடங்கிய பொறியியல் திட்டம் இந்த விஷயத்தில் கறார். ஐந்து வருஷம், இரண்டு பட்டம்: ஒன்று பொறியியலில், இன்னொன்று ஜெர்மன் போன்ற மொழியில். நான்காம் ஆண்டு முழுக்க வெளிநாடு. முதல் பாதி பல்கலைக்கழகத்தில் படிப்பு, இரண்டாம் பாதி அந்த நாட்டுக் கம்பெனியில் வேலை. மொழியைக் கற்று, படித்து, பிறகு சம்பளத்துக்கு வேலை பார்ப்பது என்ற இந்த வரிசையை வைத்து நம் திட்டங்களைப் பார்த்தால், பெரும்பாலானவை முதல் படியையும் மூன்றாம் படியையும் விட்டுவிட்டு நடுப்படியை மட்டும் விற்கின்றன என்பது தெரியும்.

கையில் குறைந்த பணமும் நல்ல மார்க்கும் உள்ள மாணவருக்கு நான் முதலில் சொல்வது கோடைக்கால ஆய்வக இன்டர்ன்ஷிப். கனடாவின் மைடாக்ஸ் குளோபலிங்க் திட்டம் 12 வாரம். பேராசிரியர்கள் போட்டிருக்கும் புராஜெக்டுகளிலிருந்து மாணவர் தேர்ந்தெடுத்து விண்ணப்பிக்க வேண்டும். தேர்வானால் பயணத்துக்கும் தங்குவதற்கும் உதவித்தொகை உண்டு. ஜெர்மனியின் கல்விப் பரிமாற்ற அமைப்பான டாட் (DAAD) இந்திய மாணவர்களுக்கென்றே நடத்தும் வைஸ் திட்டம் இரண்டு மூன்று மாதம். அதற்கு ஒரு ஜெர்மன் பேராசிரியரிடமிருந்து அழைப்புக் கடிதத்தை மாணவரே வாங்கிவர வேண்டும். எந்தெந்தக் கல்வி நிறுவன மாணவர்கள் விண்ணப்பிக்கலாம் என்பதை அந்தந்த ஆண்டு அறிவிப்பில் பார்த்துக்கொள்வது நல்லது. தைவான் அரசின் டீப் திட்டத்திலும் உதவித்தொகையோடு இன்டர்ன்ஷிப் கிடைக்கிறது.

இவற்றின் பெரிய வசதி, நம் கோடை விடுமுறைக்குள் பெரும்பாலும் அடங்கிவிடுவது. மே, ஜூன், ஜூலையில் ஜெர்மன் ஆய்வகங்கள் முழு வேகத்தில் இயங்கும். கிரெடிட் சண்டை இல்லை, கேம்பஸ் இன்டர்வியூவுக்கும் திரும்பிவிடலாம். தங்கல் 90 நாளைத் தாண்டினால் ஷெங்கன் விசா போதாது, தேசிய விசா வேண்டும் என்பதை மட்டும் முன்கூட்டியே பார்த்துத் தேதி குறிக்க வேண்டும்.

அழைப்புக் கடிதம் வாங்குவதே ஒரு பயிற்சி. நம் பிள்ளைகள் "ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் வெரி மச் இன்ட்ரெஸ்டட் இன் யுவர் எஸ்டீம்ட் ரிசர்ச்" என்று ஒரே மெயிலை இருநூறு பேருக்குத் தட்டிவிடுகிறார்கள். குப்பைக்குத்தான் போகும். மெக்கட்ரானிக்ஸ் மாணவி ஒருத்தி அனுப்பிய மெயில் என் நினைவில் இருக்கிறது. மொத்தம் எட்டு வரி. அந்தப் பேராசிரியரின் கட்டுரையில் இருந்த ஒரு வரைபடத்தைக் குறிப்பிட்டு, அதே சென்சாரைத் தான் இங்கே 40 டிகிரி வெயிலில் ஓட்டியபோது ரீடிங் நகர்ந்துபோனதைச் சொல்லி, தன் அளவீடுகளையும் இணைத்து, "உங்கள் ஆய்வகத்தில் வெப்பநிலைத் திருத்தம் எப்படிச் செய்கிறீர்கள்?" என்று கேட்டிருந்தாள். மறுநாளே பதில் வந்தது. வேலூர் வெயில் உதவிய ஒரே சமயம் அதுதான் என்று நினைக்கிறேன். போன இடத்தில் வாராவாரம் குழுக் கூட்டத்தில் பத்து நிமிஷம் பேச வேண்டியிருந்ததாம். மூன்றாவது வாரம் வேலை நகரவில்லை, ஏன் நகரவில்லை என்பதைத்தான் பத்து நிமிஷமும் சொன்னாள். அதற்கு யாரும் திட்டவில்லை என்பதே அவளுக்குப் பெரிய ஆச்சரியம்.

குறை இல்லாமல் இல்லை. போட்டி கடுமை, இடம் குறைவு. ஆய்வகத்தில் வேலை பார்ப்பதும் தொழிற்சாலையில் வேலை பார்ப்பதும் ஒன்றல்ல. சில இடங்களில் பிஎச்.டி. மாணவரின் டேட்டாவை எக்செல்லில் அடுக்குவதோடு மூன்று மாதமும் முடிந்துவிடும். இருந்தாலும் செலவைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இதற்கு ஈடாக வேறொன்றைச் சொல்ல எனக்குத் தெரியவில்லை.

2+2க்கு வருகிறேன். இதில் பெரும்பாலும் கடைசிப் பட்டத்தை வெளிநாட்டுப் பல்கலைக்கழகம்தான் தரும். யு.ஜி.சி.யின் 2022 விதிகளில் வரும் ட்வின்னிங் வேறு: அதில் 30 சதவீதத்துக்கு மேல் கிரெடிட்டை அங்கே எடுக்க முடியாது, பட்டமும் இந்தியப் பல்கலைக்கழகத்துடையதே. எது எது என்று கேட்காமல் சேர்த்துவிட்டு, விசா மறுக்கப்பட்டால் பையன் எங்கே நிற்பான் என்பதை யோசிக்காத பெற்றோர் நிறைய.

அமெரிக்க 2+2வின் லாபம், ஸ்டெம் (அறிவியல், தொழில்நுட்பம், பொறியியல், கணிதம்) பட்டதாரிக்குப் படிப்பு முடிந்ததும் அங்கே வேலை பார்க்க 12 மாத ஓ.பி.டி. அனுமதியும் மேற்கொண்டு 24 மாத நீட்டிப்பும் கிடைப்பது. அதற்குப் பிறகு எச்-1பி வேலை விசாவுக்கான குலுக்கல், அது அதிர்ஷ்டம். எம்.எஸ். போனாலும் இதே ஓ.பி.டி. உண்டு. இரண்டு வருஷ அமெரிக்க டியூஷன் கட்டி இளநிலைப் பட்டம் வாங்குவதற்கு, ஏறக்குறைய அதே பணத்தில் இங்கே பி.இ. முடித்துவிட்டு அங்கே முதுநிலைப் பட்டமே வாங்கிவிடலாம். ஆசிரியருக்கு உதவியாளராகச் சேர்ந்து கட்டணத்தைக் குறைக்கும் வாய்ப்பும் முதுநிலையில்தான் அதிகம். ஜெர்மனி என்றால் கணக்கு இன்னும் சாதகம். பெரும்பாலான அரசுப் பல்கலைக்கழகங்களில் டியூஷன் இல்லை. பாடன் வூர்ட்டம்பர்க் மாநிலம் வெளிநாட்டு மாணவரிடம் செமஸ்டருக்கு 1,500 யூரோ வாங்குகிறது, ஸ்டுட்கார்ட் அங்கேதான் இருக்கிறது. மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் 2024 முதல் கட்டணம் வாங்குகிறது. விசாவுக்கு, மாதாமாதம் மட்டுமே எடுக்க முடிகிற பிளாக்டு அக்கவுண்டில் முதல் வருஷச் செலவுக்கு 11,904 யூரோ போட்டுக் காட்ட வேண்டும், நம் படிப்புச் சான்றுகளைச் சரிபார்த்துத் தரும் ஏ.பி.எஸ். சான்றிதழும் வேண்டும். படிப்பு முடிந்து வேலை தேட 18 மாதம் கிடைக்கும். அதனால் 2+2ஐ, பணம் ஒரு பொருட்டே இல்லாத வீடுகளுக்கு விட்டுவிடலாம் என்பது என் கட்சி. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்கள் முதுகலைக்குப் போவதாக இருந்தால் தமிழக அரசின் அண்ணல் அம்பேத்கர் அயல்நாட்டு உயர்கல்வி உதவித்தொகையைக் கட்டாயம் விசாரிக்க வேண்டும்.

எங்கும் போக முடியாதவர்களுக்கு? இதை ஆறுதல் பரிசாக நினைத்து நான் எழுதவில்லை. ராணிப்பேட்டையில் ஏற்றுமதி செய்யும் ஒரு தோல் தொழிற்சாலையின் ஆய்வகத்தில் இரண்டு மாதம் இருந்து பாருங்கள். உடலில் படும் தோல் பொருளில் 'குரோமியம் ஆறு' என்ற நச்சு வடிவம் ஒரு கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தாண்டக் கூடாது என்பது 2015 மே முதல் ஐரோப்பிய ஒன்றியத்தின் சட்டம். பதனிடப் போடுவது குரோமியம் மூன்று. அது தோலுக்குள் ஆறாக மாறுவதுதான் பிரச்சினை. தோலின் அமிலத்தைத் தணிக்கும் நியூட்ரலைசேஷனில் காரம் கூடினாலும், எண்ணெயேற்றும்போது மீன் எண்ணெய் வகைகளைப் போட்டாலும், வறண்ட வெப்பத்தில் சரக்கு கிடந்தாலும் அது மாறக்கூடும். இங்கே தேறிய தோல் அங்கே போய்த் தோற்றால் ஹாம்பர்க்கிலிருந்து மெயில் வரும். சாம்பிளை எப்படி வைத்திருந்தீர்கள், எந்த முறையில் சோதித்தீர்கள், எந்த டிரம், எந்த பேட்ச் என்று கேட்பார்கள். அந்த மெயிலுக்குப் பதில் தயாரிக்க உதவிய கெமிக்கல் மாணவருக்குக் கிடைத்த அனுபவத்தை ரெண்டு வாரச் சிங்கப்பூர் எந்தக் காலத்திலும் தராது.

தோல் தொழிற்சாலைகளின் பாலாற்றுக் கழிவு விவகாரமும் அப்படித்தான். வேலூர் குடிமக்கள் நல மன்றத்தின் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை உலகெங்கும் சுற்றுச்சூழல் சட்டம் படிப்பவர்கள் படிக்கிறார்கள். ஆம்பூர், வாணியம்பாடி, ராணிப்பேட்டைப் பொதுச் சுத்திகரிப்பு நிலையங்களில் ஆர்.ஓ.வும் எவாப்பரேட்டரும் எப்படி ஓடுகின்றன, மிஞ்சும் உப்பை என்ன செய்கிறார்கள் என்று தெரிந்த சிவில் மாணவர், எந்த நாட்டு நேர்காணலிலும் அரை மணி நேரம் பேசலாம்.

கூடவே மொழி. சென்னை மேக்ஸ் முல்லர் பவனில் ஜெர்மனின் தொடக்க நிலைகளான ஏ1, ஏ2 தேர்வு எழுதலாம். ஜப்பானிய மொழிக்கு ஜே.எல்.பி.டி. தேர்வு ஜூலையிலும் டிசம்பரிலும் நடக்கிறது. ஏ1 முடித்தவுடன் ஜெர்மனில் மீட்டிங் நடத்திவிட முடியாது, ஆனால் டிராயிங்கில் இருக்கும் குறிப்பைப் பார்த்துப் பயப்படாத அளவுக்கு வந்துவிடும்.

வெளிநாட்டுக் கல்லூரியோடு ஆன்லைனில் சேர்ந்து செய்யும் புராஜெக்டுகளும் இப்போது வருகின்றன. இரண்டு பக்கமும் மார்க் உண்டு என்றால் சேருங்கள். மார்க் இல்லாதது வெபினார், கேமராவை அணைத்துவிட்டுத் தூங்குவதற்கு மட்டும் உதவும். நேர வித்தியாசத்தில் ஜெர்மனி நமக்குச் சாதகம்: இங்கே மாலை மூன்றரை என்றால் அங்கே கோடையில் நண்பகல் 12. அமெரிக்கக் கிழக்குக் கரையோடு பேச ராத்திரிச் சாப்பாட்டைத் தள்ளிப்போட வேண்டும்.

இன்னொன்றையும் சொல்ல வேண்டும். வெளிநாட்டில் படிக்க வைப்பது பற்றி அமெரிக்கர்கள் எழுதுவதில் பெரும்பகுதி ஒரே மொழி பேசி வளர்ந்த மாணவரை மனதில் வைத்து எழுதியது என்றே எனக்குப் படுகிறது. வேலூர் அப்படிப்பட்ட ஊர் அல்ல. சி.எம்.சி.யைச் சுற்றியுள்ள லாட்ஜுகளின் போர்டில் வங்காள எழுத்து இருக்கிறது. கடைக்காரர் தமிழ், தெலுங்கு, உருது, இந்தி என்று ஆளுக்கேற்ப மாற்றிப் பேசுகிறார். காட்பாடி ஹாஸ்டலில் பீகார்ப் பையனும் ஆந்திராப் பையனும் ஒரே அறையில் இருக்கிறார்கள், அடுத்த பிளாக்கில் ஆப்பிரிக்க நாடுகளிலிருந்து வந்தவர்கள். அவர்களில் ஒருவரோடு சேர்ந்து ஃபைனல் இயர் புராஜெக்ட் செய்யுங்கள் என்றால் மட்டும் "செட் ஆவாது சார்" என்கிறார்கள். பணமே செலவில்லாத முதல் பயிற்சியை அப்படித் தள்ளிவிட்டுத்தான் ஒண்ணரை லட்சத்துக்குப் பிரசுரம் தேடுகிறோம்.

இப்போது இரண்டாம் ஆண்டில் இருப்பவர் உடனே செய்ய வேண்டியது பாஸ்போர்ட். அடுத்து, கல்லூரியின் வெளிநாட்டுத் தொடர்பு அலுவலகத்தில் ஒப்பந்தப் பட்டியலைக் கேட்டு, அதில் எந்த ஒப்பந்தத்தில் கடந்த இரண்டு வருஷத்தில் உண்மையிலேயே மாணவர் போய்வந்தார் என்று விசாரியுங்கள். கையெழுத்துப் போட்ட போட்டோவோடு நின்றுபோன ஒப்பந்தங்களே பாதிக்கு மேல் இருக்கும். போய்வந்தவரின் நம்பரை வாங்கி, கிரெடிட் மாறியதா என்று அவரிடமே கேளுங்கள். குளோபலிங்க், வைஸ் இரண்டுக்கும் அடுத்த கோடைக்கான விண்ணப்பம் முந்தைய ஆண்டின் பிற்பாதியிலேயே முடிந்துவிடும். பொங்கல் கழித்து யோசிக்கலாம் என்றிருந்தால் அந்த வருஷம் போய்விட்டது என்று அர்த்தம். பேராசிரியருக்கு அனுப்பும் அந்த எட்டு வரி மெயிலை ஆடி மாதத்திலேயே எழுத ஆரம்பித்துவிடுங்கள்.